பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

ஹூட்டு, டூட்சி என்ற இரண்டு பெயர்களையும் நம் வாசகர்களில் பெரும்பாலோர், 1994-ஆம் ஆண்டு ருவாண்டாவில் நூறு நாட்களுக்குள் டூட்சிகள் லட்சக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தபோதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதனால் ஹூட்டு என்றால் கொன்றவன், டூட்சி என்றால் மாண்டவன் என்று ஒரு கணக்கு நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. ருவாண்டாவின் அந்த ஆண்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியான கணக்கே. ஆனால் ருவாண்டாவுக்குத் தெற்கே, டாங்கனிக்கா ஏரியின் வடகரையில், அதே இரு ஜனங்களும் அதே விகிதத்தில் ஒரே மொழி பேசி ஒரே குன்றுகளில் வாழ்ந்துவந்த புருண்டி என்னும் சிறு நாட்டில், அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, டூட்சிகளின் கையிலிருந்த ராணுவமும் ஆளுங்கட்சியின் இளைஞர் படையும் சேர்ந்து ஹூட்டுக்களை நிர்மூலமாக்கிய கதை ஒன்று உண்டு. அந்நாட்டார் அதை ‘இகிஸா’ என்பார்கள். பெருங்கேடு என்று பொருள்.

1972 ஏப்ரல் மாதத்தின் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு வரை நீண்ட அந்தச் சங்காரத்தில் மாண்டவர்கள் 1,00,000 முதல் 3,00,000 வரை இருக்கலாம் என்று சரித்திர ஆசிரியர்கள் பலவாறாக மதிப்பிடுகிறார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போது சுமார் 35 லட்சந்தான். ஆயினும் எண்ணிக்கையைவிட நம் கவனத்துக்கு உரியது, மாண்டவர்கள் யார் என்பதே. மந்திரிகள், ராணுவ அதிகாரிகள், பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், ஆஸ்பத்திரி உதவியாளர்கள், கத்தோலிக்கக் குருமார்கள், புராட்டஸ்டண்டு போதகர்கள், கடைவீதியில் நாலு காசு சேர்த்த வியாபாரிகள், பல்கலைக்கழக மாணவர்கள், உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என்று, ஹூட்டுக்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்களைப் பட்டியல் போட்டுத் தேடிக் கொன்றார்கள். பெண்களின் பெயர்கள் அந்தப் பட்டியல்களில் அபூர்வமாகவே இடம்பெற்றன. இரக்கத்தால் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பில்லாத, உத்தியோகமில்லாத, நிலத்தின் மேல் உரிமையும் இல்லாத ஒரு ஸ்திரீயால் அரசாங்கத்துக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்ற அலட்சியமே அவர்களைக் காத்தது. அந்த அலட்சியத்தின் பயனாகத்தான் 1972-இன் சரித்திரம் இன்று நமக்குக் கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம். எழுதக்கூடியவர்கள் எல்லாம் குழிக்குள் போய்விட்டபடியால், நடந்ததை ஞாபகத்தில் சுமந்து நின்றவர்கள் விதவைகளே.

பகை எப்படி மூண்டது என்று கேட்பவர்களுக்கு, ஆதிகாலந்தொட்டு இரு சாதிகளும் கீரியும் பாம்புமாக இருந்தன என்று பதில் சொல்லிவிடுவது எளிது, அது மெய்யன்று. பழைய புருண்டியில் முவாமி என்று அழைக்கப்பட்ட அரசரும், கன்வா என்னும் இளவரசர் குலத்தாரும், ஹூட்டு டூட்சி இரண்டுக்கும் அப்பாற்பட்டவர்களாகவே மதிக்கப்பட்டார்கள். முதலில் ஜெர்மானியரும் பிறகு பெல்ஜியரும் ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடமும் பதவியும் பெரும்பாலும் டூட்சிப் பக்கத்தாருக்கே போய்ச் சேர்ந்தன. 1959-இல் பக்கத்து ருவாண்டாவில் ஹூட்டுக்கள் புரட்சி செய்து டூட்சிகளை விரட்டியடித்தபோது, புருண்டியின் டூட்சிகளுக்கு, பெரும்பான்மையோர் கையில் அதிகாரம் போனால் நம் கதியும் இதுதான் என்ற பீதி பிடித்தது. இரு சாராரையும் ஒன்றாக அணைத்துச் சென்றிருக்கக்கூடிய இளவரசர் லூயி ருவாகசோரே, சுதந்திரத்துக்குச் சில மாதங்களே இருக்கையில், 1961 அக்டோபர் 13-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1962 ஜூலை 1-இல் சுதந்திரம் வந்தது. ஹூட்டுப் பிரதமர் பியேர் எங்கெண்டண்டும்வே 1965 ஜனவரியில் கொலையுண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஹூட்டு அதிகாரிகள் சிலர் செய்த ராணுவப் புரட்சி தோற்கவே, ஹூட்டுத் தலைவர்களில் பலர் சுடப்பட்டனர். 1966-இல் முதலில் அரசரை அவருடைய மகனே சிம்மாசனத்திலிருந்து இறக்க, பிறகு மைக்கேல் மிக்கோம்பெரோ என்ற இளம் ராணுவ அதிகாரி அந்த மகனையும் இறக்கிவிட்டுக் குடியரசுத் தலைவரானார். தெற்கே புரூரி மாகாணத்தைச் சேர்ந்த டூட்சிகளில் ஒரு சிறு கூட்டத்தின் கையில் ராஜ்யம் சென்றது.

1972 ஏப்ரல் 29, சனிக்கிழமை. அன்று மிக்கோம்பெரோ தம் மந்திரிசபை முழுவதையும் ஒரே உத்தரவில் கலைத்தார். அன்று மாலையே, ஏரிக்கரையோரத்து ருமொங்கே, நியான்சா-லாக் ஊர்களில் ஹூட்டுக் கலகக்காரர்கள் கிளம்பி, அகப்பட்ட டூட்சிகளை ஆண் பெண் குழந்தை என்ற பேதமில்லாமல் கொன்றார்கள். 1966-இல் மிக்கோம்பெரோ இறக்கிவிட்டவரும், அயல்நாட்டிலிருந்து திரும்பிவந்து கிடேகா நகரில் சிறைவைக்கப்பட்டிருந்தவருமான பழைய அரசர் எந்தாரே அன்றிரவே கொல்லப்பட்டார். கலகத்தில் மாண்ட டூட்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவர்களுடைய மனைவிமாரும் விதவைகளே, அவர்களுடைய கண்ணீரும் கண்ணீரே. இதைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. ஆனால் கலகம் சில நாட்களுக்குள் அடக்கப்பட்டுவிட்டது. அடக்கிய பிறகும், கலகம் எட்டிப் பாராத மாகாணங்களிலும், மாதக்கணக்கில் நடந்த கொலைக்குக் கலகத்தைக் காரணம் காட்டுவது வெறும் சாக்கு. அதே ஆண்டு ஜூனில் புருண்டி அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, டூட்சிகளைப் பூண்டோடு அழிக்க ஹூட்டுக்கள் செய்த சதியை நாங்கள் முறியடித்தோம் என்று சாதித்தது. அந்த அறிக்கை அச்சேறிய நாட்களிலும் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அந்த லாரிகளைப் பற்றி விதவைகள் சொல்லும் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி, படிக்கிறவரைத் திகைக்கவைப்பது: கணவன் தானாகவே நடந்து போனான் என்பதுதான் அது. கம்யூன் என்னும் உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து, கூட்டம் ஒன்று இருக்கிறது, இன்னின்னார் வரவேண்டும் என்று ஆள் வரும். சர்க்கார் கூப்பிட்டால் போவதுதான் முறை என்று பழகிய ஆசிரியனும் குமாஸ்தாவும், குற்றம் ஒன்றும் செய்யாதவனுக்குப் பயம் எதற்கு என்று மனைவிக்குத் தைரியம் சொல்லி, துவைத்த சட்டையும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் அணிந்து, வழியில் பக்கத்துக் குன்றின் சிநேகிதனையும் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சிறைக்குச் சோறு கட்டிக்கொண்டு போன மனைவியிடம், முதலில் பாத்திரத்தை வாங்கிக்கொண்ட காவலன், பிறகு ஒரு நாள், இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்புவான். சாவோலை என்று தனியாக ஒன்று வருவதில்லை. அந்த ஒரு வாக்கியமே சாவோலை. பள்ளிகளில் சிப்பாய்கள் வகுப்பறைக்குள் நுழைந்து பெயர் படித்தார்கள். பட்டியல் தயாரிக்கச் சில இடங்களில் சக மாணவர்களே ஒத்தாசை செய்தார்கள். புஜும்புராப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் காணாமற் போயினர். தோட்டாவை மிச்சம் பிடிப்பதற்காகத் தடியாலும் துப்பாக்கியின் அடிக்கட்டையாலும் அடித்துக் கொன்றதும், அப்போது தலைநகராயிருந்த புஜும்புராவில் இரவில் புல்டோசர் வைத்துக் குழிகளை மூடியதும், அங்கிருந்த அயல்நாட்டுத் தூதர்களும் பாதிரிமார்களும் கண்டும் கேட்டும் எழுதிவைத்தவை.

கணவன் போனதோடு துன்பம் முடிந்துவிடவில்லை. மாண்டவர்கள் ‘அபமென்ஜா’, அதாவது ராஜத்துரோகிகள், என்று பிரகடனம் செய்யப்பட்டமையால், அவர்களுடைய மனைவி மக்களும் அந்தப் பட்டத்துக்கு வாரிசானார்கள். துரோகியின் உடைமை அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று சொல்லி, வீடு, வண்டி, வங்கிக் கணக்கு, கடைச் சரக்கு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பல இடங்களில் வந்தவனே எடுத்துக்கொண்டு போனான். துக்கம் அனுஷ்டிக்கவும் அனுமதி இல்லை. புருண்டி மக்களிடையே, ஒருவர் இறந்தால் உற்றாரும் ஊராரும் கூடி, இறந்தவனுடைய கடன், கொடுக்கல் வாங்கல், நிலத்தின் எல்லை முதலியவற்றைப் பலர் முன்னிலையில் பேசித் தீர்த்து, பல மாதங்களுக்குப் பின் மறுபடியும் கூடித் துக்கத்தைக் கழிப்பது வழக்கம். அந்தச் சடங்கு முடிந்தால்தான் விதவை மீண்டும் ஊராரோடு ஒருத்தியாவாள். பிணமும் இல்லை, கூடுவதற்கு உத்தரவும் இல்லை என்றபோது, 1972-இன் விதவை கணவனை இழந்தவளாகவும் ஆகாமல், கணவன் உள்ளவளாகவும் இல்லாமல், பல்லாண்டுகள் நடுவாசலில் நிறுத்தப்பட்டாள். அழுதால் துரோகிக்காக அழுகிறாள் என்பார்கள். ஆகவே வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள், பிள்ளைகளிடத்திலும் சொல்லவில்லை. அப்பா எங்கே என்று கேட்ட குழந்தைக்கு, வேலைக்காகத் தூரதேசம் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்த தாய்மார்கள் அநேகர்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம், வெளியே தெரியாமல் ஒரு தலைமுறையின் கதியையே மாற்றியது. படித்ததனால் அல்லவா தகப்பன் செத்தான் என்று எண்ணிய தாய்மார்கள், மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அஞ்சினார்கள். சட்டம் போட்டு ஹூட்டுச் சிறுவர்களைப் பள்ளியிலிருந்து தடுக்க வேண்டிய அவசியமே அரசாங்கத்துக்கு நேரவில்லை. தாயின் பயமே அந்த வேலையைச் செய்துவிட்டது. கொலையின் நோக்கம் ஹூட்டுக்களில் தலைவர்கள் எழாமல் செய்வது என்றால், அது கொலை நின்ற பின்பும் பல ஆண்டுகள் ஈடேறிக்கொண்டே இருந்தது.

இந்த விதவைகளுக்குள் டூட்சிப் பெண்களும் இருந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புருண்டியில் குலம் தந்தைவழியே செல்வது. டூட்சித் தாய்க்கும் ஹூட்டுத் தந்தைக்கும் பிறந்தவன் ஹூட்டுவே. ஆகையால், கொல்லும் கூட்டத்தில் தன் உறவினரும், கொல்லப்பட்டோரில் தன் கணவனும், அடுத்து எந்த நாளில் வளர்ந்து பட்டியலில் ஏறுவானோ என்று அஞ்ச வேண்டிய தன் மகனுமாக, ஒரே பெண் மூன்று பக்கமும் கட்டுண்டு நின்றாள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான பியேர் எங்குருன்சிசாவின் தாயார் அப்படிப்பட்ட ஒரு டூட்சிப் பெண்மணி; சட்டசபை அங்கத்தினராக இருந்த ஹூட்டுக் கணவரை 1972-இல் இழந்தவர். இன்னொரு விதவையையும் இங்கே சொல்ல வேண்டும். மார்ட்டின் எண்டயஹோசே என்ற ஹூட்டு ராணுவ அதிகாரி மிக்கோம்பெரோவின் மந்திரியாக இருந்தவர். சாதிப் பகையைத் தூண்டிவிடுவது பாமர ஜனங்கள் அல்லர், பதவியைக் காத்துக்கொள்ள நினைக்கும் மேட்டுக்குடியினரே என்று 1968-இலேயே தலைவருக்கு ரகசிய அறிக்கை எழுதி எச்சரித்தவர். அவரும் 1972-இல் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அயல்நாட்டில் வாழ்ந்து, வயது முதிர்ந்த பின் கணவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுதத் தெரிந்த விதவைகள் சிலரே. அவர்களுள் இவர் ஒருவர்.

உலகம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? பெல்ஜியப் பிரதமர் எய்ஸ்கென்ஸ் மே மாதத்திலேயே தம் மந்திரிசபையில் இது இனப்படுகொலை என்று சொன்னார். அமெரிக்கத் தூதரகத்து அதிகாரிகள் நாள்தோறும் வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள்; புருண்டியின் காப்பிக்கொட்டையில் பெரும்பகுதியை அப்போது வாங்கிவந்த தேசம் அமெரிக்காவே, வாங்குவதை நிறுத்துவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. ஐக்கிய நாடுகள் சபை குழு அனுப்பியதோடு சரி. ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனத்தின் செயலாளர் டியாலோ டெல்லி மே மாதத்தில் புஜும்புராவுக்கே வந்து, மிக்கோம்பெரோவுக்குத் தம் ஸ்தாபனத்தின் முழு ஆதரவையும் தெரிவித்துவிட்டுப் போனார். அதே டெல்லி ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சொந்த நாடான கினியின் சிறையில், அன்னமும் நீரும் மறுக்கப்பட்டு மாண்டார். 

உயிர் தப்பியவர்களில் சுமார் 1,50,000 பேர் எல்லை கடந்தார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது டான்சானியா. அங்கே உலியான்குலு, கத்தும்பா, மிஷாமோ என்ற இடங்களில் காட்டை வெட்டிக் குடியேற்றங்கள் அமைத்துக் கொடுத்தார்கள். லீசா மால்க்கி என்ற மானிடவியல் அறிஞர் 1980-களின் நடுவில் மிஷாமோவில் தங்கி அகதிகளிடம் கதை கேட்டு, பிறகு ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட ஒரு விசேஷம் சிந்திக்கத்தக்கது. முகாமில் யாரைக் கேட்டாலும், சொல்பவரின் சொந்த அனுபவம் பின்னுக்குப் போய், ஹூட்டு ஜனம் முழுவதன் புராணம் போன்ற ஒரே கதை, ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்துகொண்டிருந்தது. தாய்நாட்டிலேயே தங்கிவிட்டவர்களிடமோ, கதை என்று கோவையாக ஒன்றும் உருவாகவில்லை. சட்டையின் நிறம், அழைத்துச் சென்ற ஆளின் பெயர், திருப்பித் தராத பாத்திரம் என்று துண்டு துண்டாகவே ஞாபகங்கள் நின்றன. சரித்திர ஆசிரியன் எதை நம்புவது என்று கேட்டால், நான் இரண்டாவதன் பக்கமே சாய்வேன். பலர் கூடிச் செப்பனிட்ட கதையில் ஒரு ஜனத்தின் கோபம் முழுமையாகத் தெரியும்; ஆனால் எந்த நாளில், எந்தச் சாலையில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு லாரி போயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள, பாத்திரத்தை மறவாத கிழவியிடந்தான் போக வேண்டும்.

அந்தக் கோபம் பின்னாளில் என்ன செய்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1993-இல் முதன்முறையாக நேர்மையாக நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜெயித்து வந்த ஹூட்டுத் தலைவர் மெல்கியோர் எண்டடயே, 1972-இல் மாணவனாக ருவாண்டாவுக்கு ஓடித் தப்பியவர், பதவியேற்ற சில மாதங்களிலேயே டூட்சி ராணுவத்தினரால் கொல்லப்பட்டார். உடனே குன்றுகள்தோறும் டூட்சிகள், குழந்தைகள் உட்பட, கொன்று குவிக்கப்பட்டார்கள். ராணுவம் பழிக்குப் பழியாக ஹூட்டுக்களைக் கொன்றது. பிறகு உள்நாட்டு யுத்தம். 1972-இல் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளில் சிலர் அந்த யுத்தத்தின் படைத்தலைவர்களாயினர். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அருஷா நகரில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை, அகதிகள் திரும்பி வரலாம், அவரவர் நிலம் அவரவர்க்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று விதித்தது.

நிலம் என்று வந்தபோதுதான் விதவையின் ஞாபகத்துக்கு உண்மையான சோதனை ஏற்பட்டது. 2008 முதல் சுமார் 50,000 பேர் டான்சானியாவின் பழைய குடியேற்றங்களிலிருந்து ஊர் திரும்பினார்கள். அகதிகளும் அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகளுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டான்சானியப் பிரஜைகளாகவே ஆகி அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பியவர்கள் ருமொங்கேயின் எண்ணெய்ப் பனைத் தோப்புகளில் கண்டது, வேறு குடும்பங்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாக அங்கே பயிரிட்டு, பிள்ளைகளைப் பெற்று, முதியவர்களைப் புதைத்து வாழ்ந்துவருவதை. 1986-ஆம் ஆண்டு நிலச் சட்டமோ, 30 ஆண்டுகள் அனுபவித்தவனுக்கு நிலம் உரியது என்றது. பத்திரம் என்று காட்டத் திரும்பியவர்களில் பெரும்பாலோரிடம் ஒன்றும் இல்லை. இந்த மரத்தின் அடியில் என் மாமனாரின் குடிசை இருந்தது, அந்த ஓடையிலிருந்து எங்கள் எல்லை தொடங்கும் என்று சுட்டிக்காட்டக்கூடியவள், அங்கே மருமகளாக வந்து மண்ணைக் கொத்தி விதைத்த விதவை ஒருத்தியே. 2006-இல் ஏற்பட்ட நிலக் கமிஷன் முதலில் இரு தரப்பாருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தது. பிற்பாடு, அகதிக்கே முழுவதும் என்று தீர்ப்பளிக்கத் தொடங்கியதும், அரசாங்கமே கொடுத்த நிலத்தில் நல்லெண்ணத்துடன் குடியேறியவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களிலும் ஏழை ஹூட்டுக்கள் உண்டு, டூட்சிகள் உண்டு, விதவைகளும் உண்டு.

உண்மை காணும் கமிஷன் 2014-இல்தான் அமைந்தது. 2020 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கருசி மாகாணத்தில், ருவுபு ஆற்றங்கரையையொட்டி ஆறு குழிகளைத் தோண்டி, 6,000-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை எடுத்தார்கள். எலும்பில் பெயர் எழுதியிருப்பதில்லை; கூடக் கிடைத்த துணிகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் ஜபமாலைகளையும் கொண்டே உறவினர்கள் சிலரை அடையாளம் கண்டார்கள். 48 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஒரு கோட்டின் கந்தலைப் பார்த்து, இதைத் துவைத்துக் கொடுத்தவள் நான் என்று சொல்ல ஒருத்தி உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. கமிஷன் 1972-ஐயே பெரிதாகத் தோண்டுகிறது, 1993-இல் மாண்ட டூட்சிகளின் குழிகளுக்கு அதே சிரத்தையைக் காட்டவில்லை என்று பலர் குறை கூறினர். ஹூட்டுக்கள் ஆளும் அரசாங்கத்துக்கு இந்த எலும்புகளால் அரசியல் லாபம் உண்டு என்பதும் வெளிப்படை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பரில் புருண்டியின் பாராளுமன்றம் 1972-73-இல் நடந்ததை ஹூட்டுக்களின் மேல் நிகழ்த்தப்பட்ட இனப்படுகொலை என்று தீர்மானித்தது; துரோகி என்ற பெயர் சர்க்கார் ஏட்டிலேனும் நீங்கிற்று.

ஆனால் அந்தப் பாராளுமன்றம் செய்யாத காரியம் ஒன்று உண்டு. புருண்டியின் வழக்கப்படி நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். விதவை தன் பிள்ளைகளின் பொருட்டு அதை உழுதுண்ணலாம், சொந்தம் கொண்டாட முடியாது. ஆண்பிள்ளை இல்லாதவளாயின், கணவனின் சகோதரர்கள் மனம் வைத்தால்தான் அவளுக்கு அந்தக் குன்றில் இடம். பெண்களுக்கும் வாரிசுரிமை தரும் சட்டம் ஒன்று பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதித் தயாராயிற்று. 2011-இல் அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டது. கமிஷன்களுக்கு முன்னால் எல்லைகளை ஞாபகமாகச் சுட்டிக்காட்டிக் கணவனின் நிலத்தை மீட்டுக்கொடுத்த விதவையின் பெயருக்கு, அதில் ஒரு சாண் மண்ணும் எழுதப்படுவதில்லை.